விருந்துப் பட்டியலில் உயிரோடு ஒருவர்

1

இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை, என் தவறில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பத்திரிகையில் இரங்கல் குறிப்புகள் எழுதுவது என் வேலை. பிரபலங்கள் சாகும்வரை நாங்கள் காத்திருப்பதில்லை. அறுபதைத் தாண்டினாலே எழுதிவைத்துவிடுவோம். தேதிக்கும் வயதுக்கும் மட்டும் இடம் காலியாக இருக்கும். அலுவலகத்தில் அந்தக் கோப்புகளுக்குக் 'குளிர்பெட்டி' என்று பெயர்.

ஆண்டுக் கடைசியில் ஞாயிறு மலர்ப் பொறுப்பாளர் ஒரு பக்கம் கேட்டார்: இந்த ஆண்டு மறைந்த பிரபலங்களில் ஐந்து பேரை வீட்டு விருந்துக்கு அழைப்பதென்றால் யாரை அழைப்பீர்கள்? எழுதிக் கொடுத்தேன். ஒரு கோல்கீப்பர், ஒரு மந்திரவித்தைக்காரர், ஒரு வில்லன் நடிகர், கடைசிவரை குடை வாங்காத வானிலை அறிவிப்பாளர், ஒரு நகைச்சுவை நடிகை. ஐந்து பேரில் நான்கு பேர்தான் செத்திருந்தார்கள்.

என் வேலை போகுமா என்பதல்ல இந்தக் கதை. (போகவில்லை.) இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளாத ஓர் அக்காவும் தங்கையும் மறுபடி பேசுவார்களா என்பதுதான். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு மூன்று பிரதிகள் ஆயின.

2

முதல் பிரதியின் தொடக்கம்: "மரணம் என்பது ஒரு..." இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன்.

இரண்டாவது: "தொலைபேசி ஒலித்தது." பரவாயில்லை, உண்மையும்கூட. ஆனால் உயிரோடு இருப்பவரை ஒரு மனிதன் எப்படி மறந்தான் என்று அதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும்.

நடிகையின் இரங்கலைப் பதினோரு ஆண்டுகளுக்கு முன் எழுதினேன். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வெளியே எடுத்து, ஒரு வயது கூட்டி, நாலு வாக்கியத்தை மெருகேற்றி மறுபடி உள்ளே வைப்பேன். நாளடைவில் அவருடைய இறுதி ஊர்வலத்தில் மழை தூறியதுகூட எனக்கு நினைவில் நின்றுவிட்டது. தகவல் சரிபார்க்கும் பெண் கேட்டாள், "சார், அத்தை எப்ப போனாங்க?" "மார்ச்ல" என்றேன். அவ்வளவு உறுதியாகச் சொன்னால் யார்தான் மறுப்பார்கள்?

(நாற்பது ஆண்டுகள் திரையில் பக்கத்து வீட்டு அத்தையாகவே வந்துபோனவர். எல்லோருக்கும் அவர் அத்தைதான்.)

3

தொலைபேசி ஒலித்தது.

"தம்பி, பேப்பர்ல விருந்துக்குக் கூப்பிட்டிருந்தீங்களே. எத்தன மணிக்கு வரட்டும்?"

அந்தக் குரலை யாருக்குத் தெரியாது?

"மத்த நாலு பேரு வர மாட்டாங்கன்னு நெனைக்கிறேன். அவங்க பங்கையும் நானே சாப்பிட்டுக்கறேன். ஒண்ணே ஒண்ணு. என்னைப் பத்தி எழுதி வச்சிருப்பீங்கல்ல, அத எடுத்து வைங்க. அதுல அவளப் பத்தி என்ன எழுதியிருக்கீங்கன்னு பாக்கணும்."

'அவள்' என்பது தங்கை.

வீட்டில் சொன்னேன். மனைவி எலும்பு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். ஆடாதே அசையாதே என்று ஊரையே அதட்டிப் பழகியவள்.

"செத்தவங்களக் கூப்பிட்டீங்கன்னுதான் நான் சும்மா இருந்தேன். உயிரோட வர்றவங்களுக்கு யாருங்க சமைக்கறது?"

[இதைவிடக் காரமாகச் சொன்னதாக மனைவி திருத்துகிறாள். உண்மைதான். அச்சில் போட முடியாது.]

4

அத்தை ஏழு மணிக்கு வந்தார், முதுகுக்கு ஒரு தலையணையைக் கையோடு எடுத்துக்கொண்டு. சூப் குடித்தார். உருளைக்கிழங்கை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் இரங்கலைப் படித்தார்.

"'எளிமையானவர்.' என்கூட வேலை பாத்த ஒருத்தரையும் நீங்க கேக்கல போலிருக்கு." அடுத்த பத்தியில் விரல் நின்றது. "'அவரே உருவாக்கிய புகழ்பெற்ற வாத்து நடை.' இது தப்பு, தம்பி. அது என் தங்கச்சி நடை."

தங்கை பள்ளி ஆசிரியை. அக்கா அந்த நடையைத் திரையில் நடந்து காட்டிய மறுவாரம், வகுப்பே தங்கைக்குப் பின்னால் வரிசையாக வாத்து நடை போட்டது. தங்கை கேட்டது ஒன்றுதான்: அது என்னுடையது என்று ஒரு பேட்டியில் சொல். அக்கா எல்லாப் பேட்டியிலும் தானே கண்டுபிடித்ததாகச் சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது.

இரங்கலின் கடைசி வரி: "தங்கையுடனான பிணக்கு கடைசிவரை தீரவில்லை."

"கடைசிவரைக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

5

இந்த இடத்தில் எனக்கு அத்தைமேல் சந்தேகம். இவ்வளவு கச்சிதமாக யாராவது பேசுவார்களா? ஒரு பிரதியில் அவரை அழவைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. நேரில் அவர் அழவில்லை, முள்கரண்டியால் உருளைக்கிழங்கை நசுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க என்னைச் சாகடிச்ச ஞாயித்துக்கெழம காலையில ஒரு போன் வந்துச்சு. 'யாரு'ன்னேன். பேச்சே இல்ல. மூக்கடைச்ச மாதிரி மூச்சு மட்டும். வச்சுட்டாங்க. அவதான். அவளுக்குச் சின்ன வயசுலருந்தே மூக்கடைப்பு."

அழைத்தது யார் என்று எனக்குத் தெரியும். எங்கள் சரிபார்க்கும் பெண். பக்கம் அச்சான பிறகு மனசு உறுத்த, அத்தை வீட்டு எண்ணைச் சுழற்றியிருக்கிறாள். செத்தவரே எடுத்ததும் பயந்து வைத்துவிட்டாள். திங்கட்கிழமை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னாள். ஒரு வாரமாகச் சளி.

வாயைத் திறந்தேன். மேசைக்கடியில் மனைவி என் காலை மிதித்தாள். அவளுக்கும் விஷயம் தெரியும்.

"அவளே எறங்கி வந்துட்டா. இனி நான் என்ன பெரிய இது?" என்று அத்தை போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். நடந்துகொண்டே பேசினார். எப்படி நடந்தார் என்று எழுத மாட்டேன். அந்தக் குடும்பம் ஒருமுறை பட்டது போதும்.

இருபது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது.

"'நான் போனே பண்ணல'ங்கறா! அப்படியே சாதிக்கறா, கழுத. ஒத்துக்கவே மாட்டா. 'ஞாயித்துக்கெழம நேர்ல வா, பேசிக்கலாம்'னா. போயி ஒத்துக்க வைக்காம விட மாட்டேன்." முகம் முழுக்கச் சண்டைக்காரக் களை. "பொண்ணே, இன்னும் ரெண்டு கிழங்கு வை."

6

முடிவு அ: நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நேர்மை. நாசம்.

முடிவு ஆ: யாரும் எதுவும் சொல்வதில்லை. சகோதரிகள் ஞாயிறுதோறும் இதே சண்டையைப் போட்டு... இனிக்கிறது. எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

முடிவு இ: இந்தக் கதையையும் குளிர்பெட்டியில்... வேண்டாம். அங்கே வைத்ததை நான் எப்படி நினைவில் வைத்திருப்பேன் என்று பார்த்துவிட்டீர்கள்.

அத்தை எங்கள் பத்திரிகை வாங்குவதை நிறுத்திவிட்டார். விசாரித்தேன், தங்கை நிறுத்தவில்லை.

ஆகவே மற்ற வாசகர்கள் எழுந்து கை கழுவலாம். டீச்சர் மட்டும் சற்று உட்காருங்கள். நீங்கள் போன் செய்யவில்லை என்பதற்கான ஆதாரம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அக்காவின் முன்னால் வைத்தால் வாதத்தில் நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள். சாட்சிக்கு நானே வருகிறேன்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வருவார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பார்:

"நீதானேடி பண்ண?"