ஆளில்லாத வாசலில் கோலம்

“எம்பொண்ணு ஆஸ்பத்திரில கெடந்தது உன்னாலதான்கா, உன்னாலயேதான்...”

“ஏம்மே, நான் இன்னா கொசுவா வளக்கறேன்? வாய்க்கு வந்தத...”

“கோலம் போட்டுகினு கீறியே, அது போதாதா?”

“கோலத்துக்கும் கொசுவுக்கும் இன்னாடி சம்பந்தம்?”

பாரிவாக்கத்தில் பூட்டிக் கிடந்த சுலோசனா வீட்டு வாசலில்தான் அந்தக் காலைச் சண்டை. பூங்காவனம் பக்கத்து வீட்டுக்காரி. கோலமாவு டப்பா இன்னும் அவள் கையில் இருந்தது. எதிர்வீட்டு சித்ரா தலைகூட வாராமல் ஓடி வந்திருந்தாள்.

“கொசு மருந்து அடிக்கறவங்க நேத்து வந்தாங்கல்ல? உள்ள சம்ப்புத் தொட்டிக்கு மூடி இல்ல, தண்ணி பச்சையா நிக்குது, பாருங்கன்னு கெஞ்சினேன். அதுல ஒரு அம்மா வாசலப் பாத்துட்டு, ‘தெளிச்சு கோலம் போட்டுக்கீதே, வேலைக்குப் போயிருப்பாங்க, அப்பால வர்றோம்’னு போயிடுச்சு. போன மாசமும் இதே கதைதான். காலி ஊடுன்னாதான் நோட்டீஸ் ஒட்டி, தொறக்க ஏற்பாடு பண்ணுவாங்களாம்.”

“ஆள் இல்லன்னு நீ சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேனே! ‘அப்போ கோலம் இன்னா, தானா மொளைச்சுதா?’ன்னு சிரிக்குது.”

பூங்காவனத்துக்கே சிரிப்பு முட்டியது. நல்லவேளை, அடக்கிக்கொண்டாள். சித்ராவின் கண்கள் நிரம்பிவிட்டிருந்தன.

“பவித்ரா இப்பதான் எழுந்து ஒக்காந்து கஞ்சி குடிக்குது. நேத்துலேர்ந்து சின்னவன் கிரணுக்கு ஒடம்பு கொதிக்குது, யக்கா.”

பூங்காவனம் டப்பாவைக் கீழே வைத்தாள்.

சுலோசனாவின் புருஷன் ராஜசேகரன் இந்த வீட்டிலேயே போய்ச்சேர்ந்த பிறகு, அவளை மகன் ராகேஷ் ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். காரில் ஏறும்போது அவள் சொன்னது ஒன்றுதான்: “வாசல மட்டும் பாத்துக்கடி பூங்கா. கோலம் இல்லாம கெடந்தா எழவு ஊடு மாரி இருக்கும். ரெண்டே மாசத்துல வந்துடறேன்.” இது மூன்றாவது வருஷம். தன் வாசல் முடிந்த கையோடு அந்த வாசலையும் பூங்காவனம் பெருக்கித் தெளித்தாள். பொங்கலுக்குக் கலர்ப்பொடிகூட. துடைப்பம் கேட்டோடு நின்றுவிடும். போனில் சுலோசனா, “வாசல் எப்டி கீது?” என்பாள். “பளிச்சுனு கீதுடி” என்பாள் இவள். உள்ளே எப்படி என்று அவளும் கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை.

இப்போது குனிந்து கேட் இடுக்கில் பார்த்தாள். மாடிச் சுவரைப் பிளந்துகொண்டு ஓர் அரசங்கன்று. கவிழ்ந்த பக்கெட், தண்ணீர் தேங்கிய டயர், வாய் திறந்த சம்ப்பு. கேட்டுக்குக் கிட்டே போனதுமே முகத்தில் கொசு மோதியது.

“டாக்டராண்ட காட்டினியா?”

“இப்பதான் பூந்தமல்லிக்குக் கூட்டிகினு போறேன்.”

“போ. இத நான் பாத்துக்கறேன்.”

“இன்னாத்த பாத்துப்ப? இன்னொரு கோலம் போடுவியா?” சுருக்கென்று கேட்டுவிட்டு சித்ரா பிள்ளையைத் தூக்க ஓடினாள்.

பூங்காவனம் அங்கேயே நின்று போனை எடுத்தாள். முதல் மணியிலேயே சுலோசனாவின் குரல்.

“இன்னாடி காலங்காத்தால? வாசல் தெளிச்சாச்சா?”

“ஆச்சு. சுலோ, நீ இங்க வருவியா, மாட்டியா?”

“வராம எங்க போவேன்? ராகேஷுக்கு லீவு கெடைக்கணும்ல. இந்த தீவாளிக்கு...”

“போன தீவாளிக்கும் இதத்தான்டி சொன்ன.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

“அவர் போன ஊடு, உள்ள கால் வெக்க உனக்கு மனசு வரல. எனக்குத் தெரியாதா? ஆனா சம்ப்புல புழு நெளியுதுடி. எதிர்வூட்டுப் புள்ளைங்க ஒண்ணு மாத்தி ஒண்ணு படுக்குது. நீ சாவிய எடுத்துகினு வர்றியா, இல்ல நானே பூட்ட ஒடைக்கட்டுமா, சுலோ?”