விளக்கு வைப்பதற்கு முன்

இயந்திரத்தைப் பிரித்தவன் சாப்பிட்ட பிறகுதான் ஸ்ரீபாலன் நயினார் சாப்பிடுவார். திண்டிவனத்தில் அவருடைய எண்ணெய் மில்லை அறிந்த எல்லோருக்கும் இது தெரியும். அப்படிப்பட்டவரை விட்டுவிட்டு விழுப்புரத்துப் புது மில்லில் மறுநாளே சேருவதென்று மெக்கானிக் இருதயராஜ் முடிவு செய்திருந்தான். அன்று மாலை சொல்லிவிட நினைத்தான். அதற்குள் எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லர் நின்றுவிட்டது.

வெளியே மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளோடு வண்டிகள் காத்திருந்தன. அவன் பேரிங்கைக் கழற்றினான். பிண்ணாக்குத் தூள் அடைத்துத் தேய்ந்து போயிருந்தது.

"வாரத்துல ஒரு நாள் நிறுத்தி கிளீன் பண்ணணும்னு எத்தினி தபா சொன்னேன்!"

மில்லைப் பெருக்கும் கோவிந்தம்மாள் தூக்குச் சட்டியோடு வந்தாள். "நயினார் வூட்டுச் சோறு. துன்னுட்டு முணுமுணு."

"கை பூரா கிரீஸுக்கா. அப்பறம்."

"பொழுது சாயுது பாரு, ராசா."

அவன் காதில் விழவில்லை. பேரிங்கை மாற்றி இயந்திரம் ஓடியபோது தெருவில் விளக்கு வைத்திருந்தார்கள். நயினார் வாசலில் நின்று சிரித்தார்.

"ஓடுதா ராஜு?"

"ஓடுது, ஓடுது," என்றாள் கோவிந்தம்மாள். "மொதலாளி வயிறுதான் காயுது. இனிமே விடிஞ்சாத்தான் தண்ணிகூட."

பொழுது சாய்ந்தபின் சமணரான நயினார் எதுவும் உண்பதில்லை என்பது அப்போதுதான் இருதயராஜுக்கு உறைத்தது.

"என்னாங்க நயினாரே, எனக்காகவா? நிம்மதியா போவக்கூட விட மாட்டீங்களா?"

"எங்க போற?"

"விழுப்புரம். நாளைக்குச் சேரணும்."

நயினார் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். "சம்பளம் ஏத்தித் தரேன்."

"சம்பளம் இல்லீங்க. சோறு போட்றீங்க, புள்ளைக்குக் காய்ச்சல்னா டாக்டரைக் கூட்டியார்றீங்க. நான் சொல்றதை மட்டும் கேக்க மாட்டேன்றீங்க. ஒடைஞ்சப்பறம் ஓடியாறதுக்கா நான் ஐ.டி.ஐ. படிச்சேன்? அங்க வாரத்துல ஒரு நாள் மிசினு என் கையிலன்னு சொல்லிட்டாங்க."

நயினார் வாசலில் காத்திருந்த வண்டிகளைப் பார்த்தார். அவனுக்காகப் பசித்திருப்பது அவருக்கு எளிதாக இருந்தது. சீசனில் ஒரு நாள் ஆலையை நிறுத்துவது எளிதாக இல்லை.

"பசிக்குதான்னு கேட்டேன். என்னா வேணும்னு கேக்கல," என்றார் மெல்ல.

எழுந்து வண்டிக்காரர்களிடம் போனார். "இன்னிக்கு ஆனவரைக்கும் ஆட்டுவோம். நாளைக்கு மில்லு ஓடாது. இனிமே வாரத்துல ஒரு நாள் மெக்கானிக்குது."

"சீசன்ல மூடுவாங்களா? நல்ல பேஜாரு!" என்றான் ஒரு வண்டிக்காரன்.

"அவரு ஓட்டலாம்னு சொன்னாதான் ஓடும்."

இருதயராஜ் தலை நிமிர்ந்தான். நயினார் அவனை 'அவரு' என்று சொல்லி அவன் கேட்டதில்லை.

"நீ போனாலும் இந்த நாள் இருக்கும், ராஜு. போறதுன்னா சந்தோஷமா போ."

கொடுக்கக் கை மட்டுமில்லை, கேட்கக் காதும் கொடுத்திருக்கிறார் ஆண்டவன். பல நல்லவர்களுக்கு இரண்டாவது தாமதமாகத்தான் நினைவுக்கு வருகிறது. நயினாருக்கு வந்துவிட்டது.

காலை வெயில் மில் வாசலுக்கு வந்தபோது கோவிந்தம்மாள் துடைப்பத்தோடு திகைத்து நின்றாள். "விழுப்புரம் பஸ்ஸு போயிட்சேப்பா!"

"போவட்டும்க்கா." நின்றிருந்த இயந்திரத்தின் பக்கத்தில் இருதயராஜ் இரண்டு இலைகளைப் போட்டான். கை சுத்தமாக இருந்தது. "உக்காருங்க நயினாரே. கிரீஸ் தொடறதுக்கு முன்னாடி சாப்ட்டுடலாம்."