வெட்டின நம்பர் பிளேட்

காரை விற்றுப் பதினோரு மாதம் கழித்து என் போனுக்கு ஓர் அபராத மெசேஜ் வந்தது. வாகன உரிமையாளர் சூர்யநாராயணன், குற்றம் நம்பர் பிளேட்டைச் சிதைத்தது, இடம் பெருங்களத்தூர். அந்த நேரத்தில் நான் தாம்பரத்தில் காலேஜ் ஆபீசில் உட்கார்ந்து ஹால் டிக்கெட்டுக்கு சீல் குத்திக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருஷம் வண்டி ஓட்டியவன் நான். சிக்னலில் வெள்ளைக் கோட்டைக்கூடத் தாண்டியதில்லை.

காரை வாங்கியவன் ஷ்யாம்சுந்தர். சிட்லபாக்கத்தில் எங்களுக்கு எதிர்வீடு. முப்பத்தொரு வயசு, கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பணத்தை அன்றைக்கே முழுசாகக் கொடுத்துவிட்டான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆர்.சி.யில் பெயர் மாற்ற மட்டும் அவனுக்கு நாள் அமையவில்லை. முதலில் ஆடி. அப்புறம் மகாளய பட்சம். அப்புறம் மார்கழி. தை பிறந்ததும் ஏதோ கிரகம் சரியில்லை என்றான். பெயர் மாற்றும் ஃபாரத்தில் என் கையெழுத்தைப் போட்டு, பிளாஸ்டிக் கவரில் வைத்து, குடையைப் போலத் தினமும் பையில் சுமந்துகொண்டிருந்தேன்.

காரைக் கெடுப்பதற்கு மட்டும் அவன் நாள் பார்க்கவில்லை. முதலில் உயரத்தைக் குறைத்தான். எங்கள் தெருவின் ஒவ்வொரு வேகத்தடையிலும் அது வயிற்றைத் தேய்த்து முனகிக்கொண்டு போகும். ஏரிக்கரையில் நடக்கிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ரசிக்கிறார்கள் என்று நினைத்து இவன் கண்ணாடியை இறக்குவான். பிறகு முன்பக்கம் ஒரு பம்பர் வந்தது, எருமை கொட்டாவி விடுவதுபோல ஒரு வாய். அந்த வாயை நம்பர் பிளேட் மறைக்கிறதாம். அதனால் பிளேட்டைப் பெயர்த்து ஓரமாகச் சாய்த்து மாட்டியிருந்தான். வெற்றிலையை ஒரு பக்கம் அடக்கிய கன்னம் மாதிரி இருந்தது. இதுதான் ஸ்டைல் என்று தெருவில் இருக்கிற எல்லோரிடமும் சொன்னான்.

மெசேஜ் வந்த அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தான். கையில் டைப் அடித்த ஒரு தாள்.

"ஒரு சின்ன கையெழுத்து அங்கிள். சும்மா ஃபார்மாலிட்டி."

வாங்கிப் படித்தேன். என் வாகனத்தின் முன்பக்க நம்பர் பிளேட்டை யாரோ திருடிச் சென்றுவிட்டார்கள் என்று காவல் நிலையத்துக்கு நான் எழுதுவதாக இருந்தது. கீழே என் பெயர்.

"எப்போ திருடினான்?"

"திருடல்லாம் இல்ல அங்கிள். கொஞ்சம் டேமேஜ். புது பிளேட் வாங்கணும்னா தொலைஞ்சு போச்சுன்னு ஸ்டேஷன்ல குடுத்த காப்பி இருந்தா ஈஸி. வண்டி உங்க பேர்ல இருக்கறதால நீங்கதான் போடணும்."

என் மனைவி காமு தாளை வாங்கிப் பார்த்தாள்.

"ஏன்னா, காரை விட்டுட்டு பிளேட்டை மட்டும் எடுத்துண்டு போயிருக்கானாமே. ரொம்ப ரசனையான திருடன்போல."

"ஆன்ட்டி, கிண்டல் பண்ணாதீங்க."

"திருடு போன பிளேட் இப்ப எங்கே இருக்கு?" என்றேன்.

"பம்பர் கடையில."

பொய் சொல்வதிலும் ஓர் ஒழுங்கு வேண்டாமா? தாளை மடித்து அந்த பிளாஸ்டிக் கவரில் வைத்தேன். சனிக்கிழமை காலையில் கடைக்கு வருகிறேன், பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன். இரண்டு நாள் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. எந்த ரோட்டில் எந்த வண்டி சத்தம் போட்டாலும் அது என் பெயரில் ஓடுகிற மாதிரியே இருந்தது.

சனிக்கிழமை அவன் காரில் ஏறச் சொன்னான். நான் பஸ்ஸில் போனேன்.

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. கடைக்காரர் ஜெரோம், நாற்பது வயசிருக்கும். ஷ்யாம் எனக்கு முன்னால் வந்து காரை உள்ளே நிறுத்தியிருந்தான். கன்னத்து பிளேட் கழன்று பெஞ்சின் மேல் கிடந்தது. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் இல்லை. முத்திரை இருந்த இடமே போய்விட்டது. முதல் எழுத்துக்குப் பாதி உடம்புதான் மிச்சம்.

"நான் வேணாம்னு சொல்லிக்கினே இருந்தேன் சார்," என்றார் ஜெரோம். "ஒரு தபா அடிச்சா அவ்ளோதான், திரும்ப மாட்ட முடியாத ஆணி அது. பேத்துட்டு, நீளமா கீதுன்னு என் கையிலேர்ந்து கிரைண்டரப் புடுங்கி அவரே அறுத்தாரு."

"ஃபாரின்ல எல்லாம் இப்படித்தான் ஓரமா மாட்டறாங்க ஜெரோம் அண்ணா."

"ஃபாரின்ல பெருங்களத்தூர் சிக்னல் கீதா தம்பி?"

ஷ்யாம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜெரோம் என்னிடம் குரலைத் தணித்தார்.

"இன்னா சார், வண்டி இன்னும் உங்க பேர்லயா கீது? நாளைக்கு இவரு யாரையாச்சும் இட்ச்சுட்டுப் போனா உங்க வூட்டாண்டதான் சார் வந்து நிப்பானுங்க."

இதைத்தான் இரண்டு நாளாக நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொருவர் வாயால் கேட்டதும் எனக்கு ஒரு தெளிவு வந்தது.

"ஜெரோம், இந்த பம்பரைக் கழட்டுங்க. பழசு இருந்தா மாட்டுங்க."

"அங்கிள்!" ஷ்யாம் பம்பருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டான். "நாளைக்கு மகாபலிபுரத்துல மீட் இருக்கு. நாப்பது வண்டி வருது. என் வண்டியை எப்படி நீங்க..."

"யார் வண்டி?"

"என் வண்டி."

"ஆர்.சி.யைக் காட்டு."

நான் கவரிலிருந்து ஃபாரத்தை எடுத்து நீட்டினேன்.

"இதுல கையெழுத்துப் போடு. உன் பேருக்கு மாறட்டும். அப்புறம் நீ நம்பரைக் கூரை மேல மாட்டு, கழுத்துல வேணா மாட்டிக்கோ. நான் கேட்க மாட்டேன்."

அவன் போனை எடுத்து ஏதோ பார்த்தான்.

"இன்னிக்கு அஷ்டமி அங்கிள்."

இந்த வயசில் எனக்கு இவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

"பிளேட்டை அறுத்த அன்னிக்கு என்னடா திதி?"

"திதி தெரியாது சார்," என்றார் ஜெரோம். "வெள்ளிக்கிழமை பதினொன்னரை. நல்ல ராகு காலம்."

பக்கத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ஷ்யாமின் காது சிவந்தது. பேனா கேட்டான். எழுதுவதற்குக் கடையில் ஓர் இடம் சுத்தமாக இல்லை, எல்லாம் கிரீஸ். ஜெரோம் பெஞ்சிலிருந்த வெட்டின பிளேட்டைத் துணியால் துடைத்து அவன் கையில் கொடுத்தார். அதன்மேல் ஃபாரத்தை வைத்து, பதினோரு மாதமாகப் போடாத கையெழுத்தை அரை நிமிஷத்தில் போட்டான். அவன் போனிலேயே விண்ணப்பத்தையும் போட வைத்தேன். எனக்கு வந்த ஓ.டி.பி.யை ஒவ்வோர் எண்ணாகச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலையில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தது.

"சார், இப்ப பம்பரைக் கழட்டவா?"

"அவரைக் கேளுங்க. ஆனா செவ்வாய்க்கிழமை ஆபீசர் முன்னால இந்தக் கொட்டாவியோட போய் நின்னா, திருப்பி அனுப்புவார்."

ஷ்யாம் தரையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினான். பம்பர் கழன்று வந்துவிட்டது. பரண் மேலிருந்து பழசை இறக்கினார்கள். பிளேட் மாட்டுகிற இரண்டு துளையும் நடுவில் அப்படியே இருந்தன.

வெளியே வரும்போது பின்னால் ஓடி வந்தான். "அங்கிள், அந்த கம்ப்ளெயின்ட் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுடுங்க ப்ளீஸ்."

கிழிக்கவில்லை. அவன் பெயர் போட்ட ஆர்.சி.யை என் கண்ணால் பார்க்கும் வரை அது கவருக்குள்தான் இருக்கும்.

"நல்ல நாளாப் பார்த்துக் கிழிக்கிறேன்பா," என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.