குறை சொல்லத் தெரிந்தவள்

பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள்களை வைத்திருக்கும் அறைக்கு, மனித நடத்தையைக் கரைத்துக் குடித்த முனைவர் ஒருவரை நிர்வாகம் அனுப்பியிருந்தது. வந்த வாரமே அவர் ஒரு சீர்திருத்தம் செய்தார். கிடைத்த பொருளையெல்லாம் பிரித்துப் பரப்பிப் படமெடுத்து வெளிப்பலகையில் ஒட்டினார். கேட்டு வருகிறவர்களுக்கு இருபது கேள்விகள். அதிக மதிப்பெண் வாங்கியவருக்குப் பொருள்.

அன்று முடிதிருத்தும் சாமான் பை ஒன்றுக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். சட்டை கசங்காத கனவான் இருபதுக்கு இருபது. அடர்நீலம், ஏழு கத்தரி, மூன்று சீப்பு, எல்லாம் மனப்பாடம். பின்னால் மூச்சிரைக்க நின்ற பெண்ணுக்கு நான்கு.

“கறுப்புப் பைதானே அக்கா? கத்தரி அஞ்சு... இல்ல, ஆறு இருக்கும்,” என்று அறைப் பொறுப்பாளர் அம்மாளிடம் அழாத குறையாகச் சொன்னாள். “பதினோரு மணிக்குப் புதுக் கடையில சேரணும். சொந்தச் சாமான் இல்லாம போனா வாசலோட அனுப்பிடுவாங்க.”

“சொந்தப் பையோட நிறம்கூடத் தெரியலையே!” முனைவர் புன்னகைத்தார்.

அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “சார், கண்ணை மூடுங்க. உங்க வாட்சுல பன்னெண்டு எண்ணா, கோடா?”

“எண்.”

கண்ணைத் திறந்து பார்த்தார். கோடு.

“தினம் முப்பது தடவை பாக்குறீங்க. பாத்துப் பாத்தே பாக்காம விட்டுடுறோம் சார். பலகையில நேத்துப் பாத்தவருக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்.” பிறகு இருவரையும் பார்த்துக் கேட்டார்: “இந்தப் பையில உங்களுக்கு எரிச்சல் வர்றது எது?”

“எரிச்சலா? அருமையான பைம்மா. ஒரு குறை சொல்ல முடியாது,” என்றார் கனவான்.

பெண் வாயைத் திறந்தாள், திறந்த வாய் மூடவில்லை. “அந்த ஜிப் இருக்கே, சனியன், பாதியில நின்னுக்கும்! முழங்காலால அமுக்கிட்டு இழுத்தாதான் வரும். வார் வேற தோள்ல நிக்காது. எத்தனை தடவை தூக்கி எறியலாம்னு...”

அம்மாள் ஜிப்பை இழுத்தார். பாதியில் நின்றது. முழங்காலை வைத்து இழுத்தார், வந்தது. கனவான் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார். பையை வாரிக்கொண்டு பெண் ஓடினாள். மணி பத்து நாற்பதுதான்.

“இதை எந்தப் புத்தகத்துல படிச்சீங்க?” முனைவரின் குரல் முதல்முறையாகக் கீழே இறங்கியிருந்தது.

“புத்தகமா? பத்தொம்பது வருஷமா வர்றவங்ககூடப் பேசிட்டிருக்கேன். கேட்டா சொல்றாங்க சார்.”

முனைவர் அம்மாளின் முன் எழுந்து நின்றார். எதற்கு நிற்கிறோம் என்று அவருக்கே சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது.

மாலையில் வீட்டில் மனைவியிடம் கேட்டுப் பார்த்தார்: “என்கிட்ட உனக்கு எரிச்சல் வர்றது எது?”

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரமாகியும் பட்டியல் முடியவில்லை. தாம் யாருடைய பொருள் என்பதில் முனைவருக்குச் சந்தேகமே எழவில்லை.