இரண்டு வார்த்தை மொழிபெயர்ப்பு

வகுப்பாசிரியை பேசிக்கொண்டே போனார். கையை விரித்தார், நெஞ்சில் வைத்துக்கொண்டார், நடுவில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேசி முடித்ததும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த என் மகள் எங்கள் பக்கம் திரும்பி, "நல்லா படிக்கிறேனாம். அமைதியான பொண்ணாம்" என்றாள். அவ்வளவுதான்.

அத்தனை பேச்சுக்கு இத்தனூண்டு மொழிபெயர்ப்பா என்று எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆசிரியைக்குக் கும்பிடு போடாத குறை. நான் சும்மா இருப்பேனா? "இவளுக்காகத்தான் நாங்க இந்த ஊருக்கே வந்தோம், இன்னும் கவனமாப் படிக்கச் சொல்லுங்க" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அதை மகள் இங்கிலீஷில் நீட்டி முழக்கிச் சொன்னாள். கேட்கக் கேட்க ஆசிரியையின் முகம் தெளிந்தது. கடைசியில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் சொன்னதில் கையைப் பிடித்துக் குலுக்க என்ன இருக்கிறது?

குறை கண்டுபிடிப்பது என் பிழைப்பு. ஏற்றுமதித் துணி தைக்கும் ஃபேக்டரியில் தலைமைச் செக்கர் நான். சட்டையைப் புரட்டிப் போட்டால், தையல் விட்ட இடத்துக்குக் கண் தானாகப் போய்விடும். அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவேன். என்னைக் கண்டாலே தையல்காரர்களுக்கு ஆகாது. முதுகுக்குப் பின்னால் 'பூதக்கண்ணாடி' என்று கூப்பிடுவதும் எனக்குத் தெரியும். அந்தக் கண்ணுக்காகத்தான் கம்பெனி என்னை நாடு விட்டு நாடு இவ்வளவு தூரம் அழைத்து வந்தது. வீட்டுக்காரருக்குச் சாயப் பிரிவில் வேலை, மகளுக்குப் பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கிற இந்தப் பெரிய பள்ளியில் இடம். எல்லாம் கம்பெனி ஏற்பாடு.

சேர்ந்தபோது பெற்றோருக்கு என்று ஒரு கையேடு கொடுத்தார்கள். மகள்தான் சமையலறையில் உட்கார்ந்து படித்துச் சொன்னாள். பிள்ளை வராவிட்டால் முதல் மணிக்கு முன்னால் தகவல் அனுப்ப வேண்டும். கேட்டுக்குள் நுழைந்தால் கழுத்தில் பெற்றோர் அட்டை தொங்க வேண்டும். நினைத்த நேரத்தில் வகுப்பறைக்குப் போகக் கூடாது. மொழி தெரியாதவர்கள் கேட்டால் மொழிபெயர்ப்பாளர் தருவார்கள், பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். அதையும் அவள் மறைக்காமல்தான் படித்தாள். நான்தான் வேண்டாம் என்றேன். நம் பாஷை பேசுகிற ஆள் வந்தால் நம் ஆளாகத்தான் இருப்பார். ஃபேக்டரி குடியிருப்பில் யாருக்காவது சொந்தமாக இருப்பார். இன்றைக்கு இங்கே பேசினால் நாளைக்குக் காலையில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எங்கள் வீட்டுக் கதைதான் ஓடும். வீட்டிலேயே வாய் இருக்கும்போது வெளி ஆள் எதற்கு?

வாய் என்றால் வாய். பேங்கில் அவள் பேசினாள், வீட்டு ஓனரிடம் அவள் பேசினாள், எனக்கு உடம்பு முடியாமல் போனபோது ஆஸ்பத்திரியிலும் அவள்தான் பேசினாள். அவள் இல்லாவிட்டால் எங்களுக்குக் காதும் இல்லை, நாக்கும் இல்லை.

அப்படிப்பட்டவள் ஏன் ஒரு பேச்சை இரண்டு வார்த்தையாகக் கத்தரித்தாள்? வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "இங்கிலீஷ்ல வளவளன்னு பேசுவாங்க. தமிழ்ல சுருக்கமா முடிஞ்சுடும்" என்றார். என்னமோ இரண்டையும் கரைத்துக் குடித்தவர் மாதிரி.

விஷயம் சின்னதாக இருந்தால் விட்டிருப்பேன். இந்த வருடம் முடிந்தால் கடைசி இரண்டு வருடப் படிப்பு. அதற்கு இடம் கிடைக்க வகுப்பாசிரியை சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்த ஊரில் இவள் படிக்க வேறு பள்ளி கிடையாது. ஊருக்குத் திருப்பி அனுப்பி என் நாத்தனார் வீட்டில் விட வேண்டியதுதான். பெற்ற பெண்ணை இன்னொருத்தர் வீட்டுச் சோற்றுக்கு அனுப்பிவிட்டு நான் இங்கே யாருக்காகப் பொத்தானை எண்ணிக்கொண்டிருப்பது?

அன்றிலிருந்து அவளைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். சாப்பாட்டு டப்பா தினமும் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. வீட்டில் குடித்த தம்ளரை எடுத்து வைக்காதவள் பள்ளியில் டப்பா கழுவுகிறாளாம். யாரோ தின்றுவிட்டுக் கழுவிக் கொடுக்கிறான் என்று முடிவு கட்டினேன். 'றான்' என்றே முடிவு கட்டினேன். அவள் குளிக்கப் போனபோது பையைக் குடைந்தேன். புத்தகத்தைத் தவிர ஒன்றும் இல்லை. போனைத் திறந்து பார்த்தேன். நானும் அவள் அப்பாவும் அனுப்பியதைத் தவிர ஒரு மெசேஜ் கிடையாது, ஒரு போட்டோ கிடையாது, யாரும் கூப்பிட்ட அடையாளமே கிடையாது. பதினைந்து வயசுப் பெண்ணின் போன் இப்படியா துடைத்து வைத்த மாதிரி இருக்கும்? எல்லாவற்றையும் அழிக்கிறாள், கில்லாடி, என்று பல்லைக் கடித்தேன்.

என் விடுமுறை நாளில், மதிய இடைவேளைக்குச் சரியாகப் பள்ளி வேலிக்கு வெளியே போய் நின்றேன். மைதானம் முழுக்கப் பிள்ளைகள். கும்பல் கும்பலாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள், ஒருத்தி தட்டிலிருந்து ஒருத்தி பிடுங்கித் தின்றாள். ஒவ்வொரு கும்பலாகக் கண்ணை ஓட்டினேன். என் பெண் எதிலும் இல்லை. மணி அடித்து எல்லாரும் உள்ளே போகும் வரைக்கும் இல்லை. அப்படியென்றால் இடைவேளையில் வெளியே போகிறாள். யாரோடு?

காவலாளி கிட்டே வந்து என்னவோ கேட்டார். பெற்றோர் அட்டையை நீட்டினேன். ஆபீசுக்குப் போய், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்ட ஒரே ஒரு சொல்லைச் சொன்னேன். "இன்டர்ப்ரெட்டர்." மானம் போனால் போகட்டும் என்ற நிலைக்கு வந்திருந்தேன்.

ஆள் வருவார் என்று பார்த்தால், மேஜை மேல் ஒரு போனை வைத்தார்கள். வகுப்பாசிரியை எதிரே உட்கார்ந்தார். போனிலிருந்து ஒரு பெண் குரல் தமிழில் வணக்கம் சொன்னது. டீச்சர் 'நான்' என்றால் தானும் 'நான்' என்றுதான் சொல்வாளாம். காதில் விழுகிற எல்லாவற்றையும் மாற்றிச் சொல்வாளாம், எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டாளாம், வெளியே மூச்சு விட மாட்டாளாம்.

"நீங்க எந்த ஊரும்மா?" என்று முதலில் கேட்டேன். அதைச் சொல்ல அனுமதி இல்லை என்றது குரல். சொன்ன கையோடு, நான் கேட்டதையும் தான் சொன்னதையும் இங்கிலீஷில் ஆசிரியைக்கு ஒப்பித்தது. "ரொம்பத்தான் பிகு பண்றா" என்று முணுமுணுத்தேன். அதுவும் இங்கிலீஷில் போய்ச் சேர்ந்தது. ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு முகம் சுண்டிப் போனது.

பிறகு ஆசிரியை பேசப் பேசக் குரல் சொல்லிக்கொண்டே வந்தது. நான் ஆசிரியையின் வாயைப் பார்த்தேன், காதில் தமிழ் விழுந்தது.

உங்கள் மகள் எழுதுவதெல்லாம் அருமை. ஆனால் பல மாதமாக வகுப்பில் வாயே திறப்பதில்லை. கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள். தோழி என்று ஒருத்தி இல்லை. மதியம் நூலகத்தை ஒட்டிய சின்ன அறையில் தனியாகச் சாப்பிட்டு, அங்கேயே டப்பாவைக் கழுவி வைத்துக்கொண்டு மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருக்கிறாள். பேச்சுத் தேர்வு இல்லாமல் அடுத்த இரண்டு வருடத்துக்கு என்னால் சரி சொல்ல முடியாது. "போன சந்திப்புல இதையெல்லாம் நான் உங்ககிட்ட சொன்னேன்" என்றது குரல். "வீட்ல நல்லா பேசறா, ரெண்டு தோழிங்க வந்து போறாங்க, கவலைப்படாதீங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

"நானா?" என்றேன்.

என் வாயில் நான் சொல்லாததைப் போட்டு, ஆசிரியை வாயில் அவர் சொல்லாததைப் போட்டு, நடுவில் ஒரு பிசிறு இல்லாமல் தைத்திருக்கிறாள் என் மகள். அதை நான் பாஸ் பண்ணி அனுப்பியிருக்கிறேன். அவளை உடனே கூப்பிடுங்கள் என்றேன்.

மகளைக் கூட்டி வந்தார்கள். என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். உட்காரக்கூட விடாமல், "பெத்தவளையே ஏமாத்த எங்கடி கத்துக்கிட்ட?" என்று கேட்டேன். குரல் அதை ஏற்ற இறக்கம் இல்லாமல் இங்கிலீஷில் சொன்னது. ஆசிரியை என்னைப் பார்த்த பார்வையில், நான் கேட்டது எனக்கே திரும்பி வந்து உறைத்தது.

மகள் என் பக்கம் திரும்பவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மேஜையைப் பார்த்துக்கொண்டு இங்கிலீஷில் ஆசிரியையிடம் பேச ஆரம்பித்தாள். தயங்கித் தயங்கிப் பேசினாள். அவள் நிறுத்திய இடங்களில் எல்லாம் அந்த முகம் தெரியாத பெண் பேசினாள்.

"அம்மா கழுத்துல கட்டி வந்தப்ப நான்தான் கூடப் போனேன். டாக்டர் ஒரு வார்த்தை சொன்னாங்க. அம்மாவும் அப்பாவும் என் வாயையே பார்த்துட்டு இருந்தாங்க. அதைச் சொல்றதா வேண்டாமான்னு அங்கேயே முடிவு பண்ண வேண்டியிருந்தது. சும்மா ஒரு டெஸ்டுன்னு சொல்லிட்டேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்த வார்த்தை என்கிட்ட மட்டும் இருந்தது. ஸ்கூல்ல வாயைத் திறந்தா வெளிய வந்துடுமோன்னு பயம். அதனால திறக்கல."

குரல் நின்றது. "மன்னிக்கணும், ஒரு நிமிஷம்" என்றது. அதையும் இரண்டு மொழியிலும் சொன்னது. அப்புறம் தொடர்ந்தது.

"கடைசியில ஒண்ணும் இல்லைன்னு ஆச்சு. சந்தோஷத்தையாவது சொல்லலாம்னா, நான் பயந்ததே யாருக்கும் தெரியாது. இதுக்குப் போய் ஒரு நாள் சம்பளம் போச்சேன்னு அம்மா திட்டிட்டே வந்தாங்க. அதுக்குள்ள இங்க எல்லாரும் நான் பேசாத பொண்ணுன்னு முடிவு பண்ணிட்டாங்க. இப்ப எப்படி ஆரம்பிக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

என் பெண் என்னிடம் சொல்ல வேண்டியதை ஊர் பேர் தெரியாத ஒருத்தி 'நான்', 'நான்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன வார்த்தை என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியாதா? ஆறு மாதம் கழித்துச் சும்மா ஒருமுறை வரச் சொன்னார்கள் என்று அவள் சொன்னதும், நான் தலையை ஆட்டியதும் நினைவுக்கு வந்தது. அவள் தோளைத் தொட்டேன். விலகவில்லை. அழுதுவிட்டாள்.

ஆசிரியை நல்ல மனுஷி. வகுப்பு முன்னால் வேண்டாம், முதலில் தன் அறையில் தன்னோடு மட்டும் பேசட்டும், பேச்சுத் தேர்வையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், வருடக் கடைசி வரை பொறுத்துப் பார்க்கலாம் என்றார். இடம் கிடைக்குமா என்று கேட்டேன். இப்போதைக்கு முடியாது என்று சொல்லவில்லை என்றார். எனக்கு அது போதும். இனிமேல் என்னிடம் எதைச் சொல்வதானாலும் இந்தப் போன் வழியாகவே சொல்லுங்கள் என்றேன்.

மறு பரிசோதனைக்கு வரச் சொன்ன நாள் வந்தது. மகள் லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். "நீ ஸ்கூலுக்குப் போ, எங்களுக்கு ஆள் இருக்கு" என்று அனுப்பிவிட்டேன். அவளுக்கு நம்பிக்கை இல்லை. வாசல் வரைக்கும் போய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியிலும் 'இன்டர்ப்ரெட்டர்' என்ற அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. டாக்டர் மேஜையில் போனை வைத்தார். இந்த முறை ஆண் குரல். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. டாக்டர் என் கழுத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பேசினார்.

"போன தடவை இது கேன்சரா இருக்கும்னு எங்களுக்குச் சந்தேகம் இருந்தது" என்றது குரல். "அது இல்லைன்னு அப்பவே தெரிஞ்சுது. இப்பவும் எந்த மாற்றமும் இல்லை. நீங்க நிம்மதியாப் போகலாம்."

எல்லாம் நல்ல செய்திதான். ஏற்கெனவே தெரிந்த செய்திதான். இருந்தாலும் அந்தச் சொல் காதில் விழுந்ததும் நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து நாற்காலியிலிருந்து வீட்டுக்காரர் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவர் கையும் சில்லென்று இருந்தது.

அன்றைக்கு மகளும் இந்த அறையில்தான், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சொல்லைக் கேட்டபோது அவள் கையைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் சாய்ந்து, "என்ன சொல்றாங்க, சீக்கிரம் சொல்லு" என்று அவளைப் போட்டு அவசரப்படுத்திக்கொண்டிருந்தோம்.