இருபதாவது பெயர்

என் அக்கா மரிக்ரூஸை வகுப்பிலிருந்து நீக்கியது நான்தான். கை தவறிப் பொத்தானில் பட்டுவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பொறாமை. முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்கும் பாரம் குறையும், உங்களுக்கும் நேரம் மிச்சம்.

ஜனவரியில் வகுப்புகள் தொடங்க நான்கு நாள் இருந்தபோது கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. முதல் வாரம் முடிவதற்குள் இருபது பேர் சேராத வகுப்புகள் ரத்து. அசெம்ப்ளி வகுப்பில் பதினாறு பேர். இயந்திரத்தோடு அதன் பாஷையிலேயே பேசக் கற்றுத்தரும் பாடம் அது, முதல் இரண்டு வருஷத்தை மட்டும் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகும் எங்கள் கம்யூனிட்டி காலேஜில் வருஷத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். இதை இந்த வசந்த செமஸ்டரில் முடித்துவிடுவேன் என்று நவம்பரிலேயே பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். வகுப்பு போனால் அங்கே மூன்றாம் ஆண்டு இடமும் போகும். மூன்றரை வருஷமாக இங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு வருஷம் என்றால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

அன்றிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. பல் தேய்க்கும்போதும் ஃபோனில் சேர்க்கைப் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தேன். பதினாறு. பாதாம் ஆலையில் வேலை செய்யும் அம்மா, "யரேலி, அந்த ஃபோனைக் கீழே வைடீ, அது என்ன முட்டையா போடப் போகுது?" என்றாள்.

முட்டை போடாது என்று எனக்கும் தெரியும். ஆள் பிடிக்கக் கிளம்பினேன். முதல் இரண்டு புரோகிராமிங் பாடங்களை முடித்தவர்கள்தான் இதில் சேர முடியும் என்பதால் தெருவில் போகிறவனை எல்லாம் இழுத்துவர வழியில்லை. ரோபோ சங்கத்தில் இருந்த பாவ் ஷியாங்கைக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவன் தன் நண்பனையும் கூட்டிவந்தான். நூலகத்தில் தினமும் உட்கார்ந்திருக்கும் நினோஸ் என்ற ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், "கஷ்டமான பாடமாம்மா? அப்ப சரி, வர்றேன்" என்றார். பத்தொன்பது.

இன்னும் ஒன்று. அந்த ஒன்று எங்கள் வீட்டிலேயே ஆலைச் சீருடையோடு சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தது.

மரிக்ரூஸ் அந்த இரண்டு பாடங்களையும் முடித்தவள். பால் பண்ணையில் அப்பாவுக்கு முதுகு ஒடிந்தபோது, ஒரு செமஸ்டர் மட்டும் என்று படிப்பை நிறுத்தினாள். நான்கு வருஷமாயிற்று. மாலை ஷிஃப்டில் பாதாம் தரம் பிரிக்கிறாள்.

"அக்கா, உன் பேரு மட்டும் வேணும்."

"எதுக்கு?"

சொன்னேன். முதல் நாள் வராதவர்களைப் பேராசிரியர் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார், அதனால் தலையைக் காட்டினால் போதும், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் விலகிவிட்டால் மதிப்பெண் சான்றிதழில் எந்தத் தழும்பும் விழாது என்றும் சொன்னேன்.

"காலைல ஏழரைக்கா? நான் தூங்கவே மணி ஒண்ணாகுது."

"ரெண்டு வாரம்தான், ப்ளீஸ்."

"சரி, பண்ணித் தொலை" என்று லேப்டாப்பில் தன் கல்லூரிக் கணக்கைத் திறந்துகொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

செவ்வாய்க்கிழமை மூடுபனி. முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லை. வழியெல்லாம் அவள் கொட்டாவி விட்டாள். வகுப்பில் டவாரெஸ் சார் பெயர்களை வாசித்து எண்ணினார். இருபது. வெள்ளிக்கிழமை டீன் அலுவலகத்திலும் அதே எண். வகுப்பு நிலைத்தது. பாவ் ஷியாங் எனக்குக் கைதட்டினான். நியாயமாக அன்றோடு என் தவிப்பு அடங்கியிருக்க வேண்டும்.

அடங்கவில்லை. ஏனென்றால் மரிக்ரூஸ் கொட்டாவி விடுவதை நிறுத்திவிட்டாள். குறிப்பெடுத்தாள். இடைவேளை நேரத்தில் ஆலையிலிருந்து ஃபோன் பண்ணி, "மெமரியில அந்த ஸ்டாக்குங்கிற அடுக்கு ஏன்டீ மேலேருந்து கீழே வளருது?" என்று கேட்டாள். எனக்கும் பதில் தெரியாது. "அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ" என்று எரிந்து விழுந்தேன்.

இரண்டாம் வார வியாழக்கிழமை முதல் தேர்வுத்தாள் திரும்பி வந்தது. எனக்கு இருபதுக்குப் பதினான்கு. அவளுக்குப் பத்தொன்பது. வகுப்பு முடிந்ததும் டவாரெஸ் சார் என்னிடம் வந்து, "அவங்க உன் அக்காவாமே? எந்தெந்த யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணியிருக்காங்க?" என்றார்.

"அவ பாதாம் ஆலைல வேலை பாக்குறா சார்" என்றேன். அவர் கேட்டது அதுவல்ல. எனக்கு வந்த பதில் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அழுக்குத் துணி மூட்டையோடு, காசு போட்டு நாமே துவைக்கும் லாண்டரிக்குப் போயிருந்தாள். அவள் கணக்கு என் லேப்டாப்பில் இன்னும் திறந்தே இருந்தது. பேசினபடிதானே செய்கிறேன், பாவம், தூக்கம் கெட்டுப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'விலகு' என்பதை அழுத்தினேன். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்றேன். மணி நான்கு.

நான்கேகாலுக்கு வந்தாள். மடித்த துணிகளுக்கு மேல் நோட்டு இருந்தது.

"வீட்டுப்பாடத்துல ஏழு கணக்கையும் முடிச்சிட்டேன்டீ, டிரையர் சுத்தி முடியுறதுக்குள்ள" என்றாள். முகம் அப்படிப் பளிச்சென்று இருந்து நான் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. எனக்கு ஐந்துதான் முடிந்திருந்தது.

"அக்கா, உன்னை வகுப்புலேருந்து எடுத்துட்டேன்."

"என்னது?"

"பேசினோமே, ரெண்டு வாரம்னு."

துணிக்கூடையைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நானும் கத்தலாம், எங்களுக்கு அது பழக்கம். அவள் ஒரு துண்டை எடுத்துப் பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"ஆமா. நீ பேரு மட்டும்தான் கேட்டே. நான்தான் மறந்துட்டேன்."

"நீ பத்தொன்பது வாங்கினே. எனக்குத் தாங்கல, அக்கா. அதான்" என்று உளறிவிட்டேன்.

துண்டைக் கூடையில் போட்டாள். "நாலு வருஷத்துல ஒரு தடவையாவது, திரும்பப் படிக்கிறியான்னு கேட்டியாடீ?"

கேட்டதில்லை. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதுகூட இல்லை. அவள் சம்பளத்தில் வாங்கிய லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

திரும்பச் சேர இரவு பன்னிரண்டு வரை நேரம் இருந்தது, ஆனால் பேராசிரியர் ஒரு அனுமதி எண் தரவேண்டும். டவாரெஸ் சாருக்கு எழுத ஆரம்பித்தேன். 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்று தொடங்கியதை அவள் பின்னால் நின்று படித்தாள்.

"மெஷின் மேல பழியப் போடாதே. அது என்ன பண்ணுச்சு பாவம்?"

அழித்தேன். என் அக்கா என்னைவிட நன்றாகச் செய்ததால் பொறாமையில் நானே அவளை நீக்கிவிட்டேன், தயவுசெய்து எண் தாருங்கள் என்று எழுதி அனுப்பினேன். காது இரண்டும் கொதித்தன.

பதில் வரவில்லை. ஞாயிறு மாலைகளில் அவர் தம்பியின் பண்ணையில் மாடு கறப்பார் என்று எல்லாருக்கும் தெரியும். நான் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தேன். கழுவிய தட்டையே திரும்பக் கழுவினேன். மரிக்ரூஸ் கடைசித் துணி வரை அடுக்கி வைத்தாள், என் உடைகள் உட்பட. ஆறரைக்கு என் ஃபோனில் மின்னஞ்சல் மணி அடித்தது. ஆறு இலக்க எண், கீழே ஒரு வரி: 'முப்பது வருஷத்தில் இந்தக் காரணத்தை யாரும் எழுதியதில்லை.'

நான் எண்ணை அடிக்கப் போனேன். அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு இலக்கமாக அவளே அடித்தாள். திரையில் 'சேர்க்கப்பட்டது' என்று பச்சை வரி வந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, கோவமா?"

"ஆமா."

"ஆறாவது கணக்கு எப்படிப் போட்டே?" என்றேன்.

அறை வாசலில் நின்று திரும்பினாள்.

"செவ்வாக்கிழமை கிளாஸ்ல கேளு. நான் அங்கதான் இருப்பேன்."