பகலவன் உதிர்ந்த ஆனி மாதம்

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, தன் வயலின் பம்புசெட் தொட்டிக்குள், பகலவன் சென்ற ஆண்டு ஆனி மாதம் மஞ்சள் ஊசிகளாக உதிர்ந்துபோனான். அதற்கு முன் பல வருடங்கள் வெளிநாட்டுத் தங்கச் சுரங்கமொன்றில் பாறை உடைத்துக்கொண்டிருந்தவன். ஊர் திரும்பியபோது அவன் மூச்சில் பூண்டு வாடை அடித்தது. விமானத்தில் சாப்பிட்டதாக இருக்கும் என்று மனைவி செம்மொழி நினைத்தாள். வாடை போகவில்லை. மேட்டூர் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து, அவன் நடவு வயலில் இறங்கி ஏறிய அன்றே, முழங்காலில் ஈரம் உலர்ந்த இடமெல்லாம் நெல்லின் சுணை போல மஞ்சள் ஊசிகள் முளைத்தன. தட்டினால் கொட்டின. கொட்டிய இடத்தில் கால் சற்று மெலிந்திருந்தது. வலி இல்லை என்றான். தை மாதம் மேட்டூர் அணையை மூடி ஆற்றை அடைத்தபோது அவனுடைய வேட்டி இடுப்பில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றியது.

அவன் தங்கை சுடர்விழி திருச்சியில் ஒரு கல்லூரியில் நிலவியல் நடத்துகிறாள். ஊசிகளைச் சோதித்துவிட்டு, இது டெல்லூரியம், ஆழத்தில் தங்கத்தோடு ஒட்டிக் கிடப்பது, தூசியாக அண்ணனுக்குள் போயிருக்கிறது என்றாள். காற்றும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் அது துருப்பிடித்து மஞ்சள் படிகமாகப் பிரிந்துவிடும், தங்கம் மட்டும் மிஞ்சும். மலையில் அதற்கு யுகங்கள் ஆகும். ஆற்றைத் திறந்து திறந்து அடைக்கிற ஊரில் அவ்வளவு காலம் ஆகாது.

"அப்ப காயவே விடாம வச்சா?" என்றாள் செம்மொழி.

"தண்ணிக்குள்ளயே இருந்தா காத்து படாது. ஆனா மூச்சு விடணுமே, அண்ணி."

பின்பாதியைச் செம்மொழி காதில் வாங்கவில்லை. மறுநாளே பகலவனைத் தொட்டியில் கழுத்தளவு நீரில் உட்காரவைத்து, தலையில் ஈரத்துண்டைப் போட்டாள். சாப்பாடு, தூக்கம், செல்போன் எல்லாம் அங்கேதான். ஒரு குறுவைச் சாகுபடியையும் ஒரு தாளடியையும் அவன் தொட்டியிலிருந்தே மேற்பார்வையிட்டான். மூக்கும் காதும் மட்டும் உதிர்ந்துகொண்டிருந்தன. குளிக்க வந்த, செம்மொழிக்கு அண்ணன் முறையான ரெத்தினம், "மாப்ள, தங்கச்சி உன்னய ஊறுகா போட்டுருச்சு. பூண்டு ஊறுகா" என்றான். பகலவன் சிரித்ததில் ஒரு புருவம் தண்ணீரில் விழுந்தது.

அடுத்த ஆனியில் அணை திறக்கவில்லை. போர்வெல்லில் நீர்மட்டம் இறங்கி, மோட்டார் மணலைத் துப்பியது. செம்மொழி ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, குடம் குடமாகச் சுமந்தாள். சுமக்கச் சுமக்கத் தொட்டியின் தரை தெரிந்தது. கடைசிக் குடத்தைச் சொம்பால் மொண்டு அவன் தோளில் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"போதும் செம்மொழி. கை வலிக்கும்."

"பேசாதீங்க. வாயத் தொறந்தா காத்து உள்ள போவுது."

பொழுது சாய்வதற்குள் தொட்டியில் முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் ஊசிகளும், அடியில் ஒரு சிட்டிகைத் தங்கமும் இருந்தன. தங்கத்தை என்ன செய்யப்போகிறாய் என்று ஊரில் கேட்டார்கள். அவள் அதைத் தொடவில்லை.

இந்த ஆண்டு ஆறு வந்தது. போரும் ஊறியது. செம்மொழி மோட்டாரைப் போட்டு, தொட்டி நிரம்பி வழிய, எல்லாவற்றையும் வயலுக்கு விட்டாள். அந்த நெல்லின் சோற்றில் பூண்டு மணக்கிறது. அவள் இப்போது ரசத்துக்குப் பூண்டு வாங்குவதில்லை.